ஏற்ற இறக்கம் இல்லாமல்

அறிவியல் வாத்தியாருக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக்செட். காரணம் கேட்கவே வேண்டாம். அவர் மாடியில் பாடம் நடத்தினால் கீழ்த்தளத்தில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து கேட்டுக்கொள்ளலாம். வாசிப்பிலும் அப்படித்தான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுக் காகிதத்தைக் கொடுத்தால்கூடக் கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, கேட்கிறவர் வாயைப் பிளக்கும்படி வாசித்துவிடுவார். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அந்தக் குரலைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் ஐந்து சனிக்கிழமைப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார் தலைமையாசிரியை. 'கற்றல் குறைபாடுள்ள மாணவர்கள் தங்கள் தேவைகளைத் தாங்களே எடுத்துரைக்க ஆசிரியர்கள் ஊக்குவித்தல்' என்று சுற்றறிக்கையில் ரயில்பெட்டி நீளத்துக்குத் தலைப்புப் போட்டிருந்தது. சனிக்கிழமை என்ற சொல்லைக் கேட்டதுமே ஆசிரியர் அறையில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, இன்னொருவருக்கு மாமியார் வருவதாக நினைவு வந்தது. வாத்தியார் மட்டும் தானாகக் கை தூக்கினார். அவருக்கு அதில் சொந்த அக்கறை இருந்தது.

அவருடைய ஒரே மகள் சிட்டு அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். வீட்டுச் செல்லப் பெயர்தான், பள்ளியிலும் அதுவே நிலைத்துவிட்டது. வாய்ப் பேச்சில் கெட்டிக்காரி. ஆனால் புத்தகத்தை விரித்தால் எழுத்துகள் அவளுக்கு அடங்க மாட்டா. ஒரு வரியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் முதல் சொல் மறந்துபோகும். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். சோம்பேறி என்று சொன்னவர்கள் உண்டு, கண்ணாடி போடச் சொன்னவர்கள் உண்டு. கடைசியில் மூன்று வருடத்துக்கு முன்னால் முறைப்படி சோதித்துப் பார்த்து, இது வாசிப்புக் குறைபாடு, புத்திக் குறைபாடு இல்லை என்று காகிதம் கொடுத்தார்கள். தேர்வில் அவளுக்குக் கூடுதல் நேரம் உண்டு, கேள்வித்தாளை ஒருவர் வாசித்துக் காட்டலாம் என்றும் அதில் இருந்தது.

யார் வாசிப்பது? இருப்பதோ ஆள் பற்றாத பள்ளி. "இதுக்குப் போய் வெளியில ஆள் தேடணுமா? நான் இருக்கேன்" என்றார் வாத்தியார். அன்றிலிருந்து எல்லாப் பாடத்துக்கும் அவரே வாசித்தார். ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்துச் சின்ன அறையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்காருவார்கள். கேள்வித்தாளில் முக்கால்வாசி, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அவர் வாசிப்பார், அவள் குறிப்பாள். இந்த அரையாண்டில் அறிவியலில் தொண்ணூற்றொன்று வாங்கினாள். தன் குரல் மகளைக் கரையேற்றிவிட்டது என்று வாத்தியார் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார்.

முதல் சனிக்கிழமை நல்ல மழை. பயிற்சிக்கூடத்தின் தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் வாத்தியாரைத் தவிர வேறு யார் பேசினாலும் காதில் விழவில்லை. பயிற்சி கொடுக்க வந்தவர் குள்ளமான ஒரு அம்மா. பெரிய ஃபிளாஸ்க் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, மழை ஓயும்வரை நிதானமாகத் தேநீர் குடித்தார். பிறகு ஆரம்பித்தார்.

"நாம எல்லாரும் நல்லவங்க. அதுதான் தொந்தரவே. பிள்ளை வாயைத் திறக்கறதுக்குள்ள, அதுக்கு என்ன வேணும்னு நாமளே சொல்லி முடிச்சிடறோம். பிள்ளை பெரிசாகி வேலைக்குப் போற இடத்துக்கும் நாம கூடப் போவோமா?"

ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மூன்றாவது வாரத்துக்குள் பள்ளியில் ஒரு கூட்டம் கூட்ட வேண்டும், தனக்கு எது உதவுகிறது எது உதவவில்லை என்று அந்த மாணவர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார்.

வாத்தியார் எழுந்தார். "மேடம், பிள்ளைங்க தடுமாறிடும். நாம கொஞ்சம் எழுதிக் கொடுத்துடலாமா?"

"எழுதிக் கொடுத்தா அது உங்க தேவை சார், பிள்ளையோட தேவை இல்ல."

கூடமே சிரித்தது. வாத்தியாரும் சேர்ந்து பலமாகச் சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு பக்கத்துக்கு எழுதினார். வாத்தியார் புத்தி போகுமா?

வீட்டில் அப்போது கால் வைக்க இடமில்லை. அவர் மனைவி இருக்கைகளுக்கு உறை தைப்பவர். நாற்காலி, சோபா, பல் டாக்டர் நாற்காலி வரைக்கும் எது வந்தாலும் பழைய உறையைப் பிரித்து, பஞ்சு மாற்றி, புது உறை மாட்டிக் கொடுப்பார். அந்த மாதம் பேருந்துப் பணிமனையிலிருந்து நாற்பது இருக்கைகள் வந்திருந்தன. மழை ஈரம் பஞ்சில் இறங்கினால் நாற்றம் போகாது என்று பஞ்சுப் பாளங்களையெல்லாம் வாசல் திண்ணையிலிருந்து முன்னறைக்கு மாற்றிக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். வீடு முழுக்கப் பசை வாடை. மூவரும் பேருந்து இருக்கைகளில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள்.

"அடுத்த ஸ்டாப்புல நான் இறங்கணும்" என்றாள் சிட்டு.

"முட்டையை முடிச்சிட்டு இறங்கு" என்றார் அம்மா.

வாத்தியார் காகிதத்தை எடுத்தார். "மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களே..." என்று தொடங்கி இரண்டு பக்கத்தையும் கணீரென்று வாசித்தார். அதில் நான்கு கோரிக்கைகள் இருந்தன. முதலாவது, கூடுதல் நேரம். இரண்டாவது, கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டும் சொல்ல வேண்டும். மூன்றாவது, வகுப்பில் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. நான்காவது, என் தந்தையே தொடர்ந்து எனக்கு வினாத்தாளை வாசித்துக் காட்ட வேண்டும்.

எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்குக் காது கற்பூரம். இரண்டு முறை கேட்டதும் சிட்டு மொத்தத்தையும் ஒப்பித்துவிட்டாள். ஒப்பித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இதுல ஒண்ணு மாத்தணும்."

"எது?"

"நாலாவது."

"அதுதான் உயிர்நாடியே. அதுல 'தொடர்ந்து'ங்கறப்ப கொஞ்சம் அழுத்தணும். எங்க, சொல்லு."

"அவ ஏதோ சொல்ல வர்றாளே, என்னன்னு கேளுங்களேன்" என்றார் மனைவி.

"கேக்கறேன், கேக்கறேன். முதல்ல முழுசா இன்னொரு தடவை வரட்டும்."

முழுசாக வந்தது. வாத்தியார் கைதட்டினார். மாற்ற வேண்டியது என்ன என்று கேட்க மறந்துபோனார்.

கூட்டம் ஒரு புதன்கிழமை, பள்ளி விட்ட பிறகு தலைமையாசிரியை அறையில் நடந்தது. பயிற்சி அம்மா ஃபிளாஸ்க்கோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். குறிப்பெடுக்க அலுவலகக் கிளார்க்கைக் கூப்பிட்டிருந்தார்கள். கிளார்க் உலர்ந்த மனிதர். காலைக் கூட்டத்தில் அறிவிப்பு வாசிப்பவர் அவர்தான். கால்பந்தில் பள்ளி கோப்பை வாங்கிய செய்தியையும் கழிவறைக் குழாய் பழுது என்ற செய்தியையும் ஒரே குரலில் வாசிப்பார். எதற்குக் கைதட்டுவது என்று பிள்ளைகள் திண்டாடுவார்கள்.

சிட்டு எழுந்து நின்று முதல் மூன்றையும் பிசிறில்லாமல் சொன்னாள். தலைமையாசிரியை தலையாட்டினார். வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"நாலாவது..." என்று நிறுத்தினாள்.

வாத்தியாரின் உதடுகள் சத்தமில்லாமல் 'என் தந்தையே' என்றன. பயிற்சி அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். உதடுகள் ஒட்டிக்கொண்டன.

"பயத்துல மறந்துட்டா" என்றார் வாத்தியார்.

"மறக்கலப்பா. நீங்க எழுதிக் கொடுத்தது அப்படியே நினைவிருக்கு. மேடம், அப்பாவே எனக்குத் தொடர்ந்து வாசிக்கணும்னு எழுதியிருக்காரு. எனக்கு அது வேண்டாம். வேற யாராவது வாசிக்கணும்."

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா? அப்பா திட்டறாரா?" என்றார் தலைமையாசிரியை.

"இல்ல மேடம். அப்பா நல்லா வாசிக்கறாரு. ரொம்ப நல்லா வாசிக்கறாரு. அதுதான் சிக்கலே."

"புரியலையே."

"நாலு விடையும் வாசிப்பாருல்ல மேடம், தப்பு விடையெல்லாம் சும்மா வரும், போகும். சரியான விடை வர்றப்ப அப்பா குரல் ஒரு படி மேல ஏறி உக்காந்துக்கும். சில நேரம் அதுக்கு முன்னாடியே ஒரு மூச்சு இழுப்பாரு. நான் தப்பா குறிக்கப் போனா தொண்டையைக் கனைப்பாரு. எனக்குக் கேள்வியே புரிய வேண்டாம் மேடம். அப்பாவைக் கேட்டாப் போதும்."

"நானா?" என்றார் வாத்தியார். அது பக்கத்துக் கட்டடம்வரை கேட்டிருக்கும்.

"அப்பாவுக்கு இது தெரியாது மேடம். வேணும்னு செய்யல."

கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதையும் எழுதுவதா என்பதுபோலத் தலைமையாசிரியையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"ஏழாவதுலேர்ந்து."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

சிட்டு கொஞ்சம் நெளிந்தாள். "முதல்ல ஜாலியா இருந்துச்சு மேடம். சும்மா வர்ற மார்க்கை யாரு வேண்டாம்னு சொல்லுவாங்க? அப்புறம் ஒருநாள் அம்மா ஜன்னல்ல வச்சிருந்த செடி வெளுத்துப் போச்சு. ஏன்டி இப்படி ஆச்சு, நீதான் அறிவியல்ல தொண்ணூத்தொண்ணு ஆச்சேன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. அன்னிக்குத்தான் பயம் வந்துச்சு. எனக்கு எவ்வளவு தெரியும், அப்பா குரல் எவ்வளவு சொல்லுச்சுன்னு எனக்கே தெரியல மேடம். அடுத்த வருஷம் பத்தாவதுல யாரோ வெளியாளு வந்து வாசிப்பாங்க. அன்னிக்குப் போய் அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

வாத்தியார் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஒரு ஆசிரியர் தன் மகளுக்கே மூன்று வருடம் விடை சொல்லிக் கொடுத்தார் என்று ஊர் பேசினால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

"சார், உக்காருங்க" என்றார் பயிற்சி அம்மா. அவர் குரலில் கேலி இல்லை. பிறகு சிட்டுவிடம் கேட்டார்: "உனக்கு எப்படி வாசிச்சா சரியா இருக்கும்?"

"ஒவ்வொரு கேள்வியும் ரெண்டு தடவை வாசிக்கணும். நான் கேட்டா மூணாவது தடவையும். எனக்குப் பின்னால உக்காந்து வாசிக்கணும், முகம் தெரியக்கூடாது. விடை தெரியாத ஆளா இருந்தா இன்னும் நல்லது." அவள் பார்வை மேசை ஓரத்துக்குப் போனது. "கிளார்க் சார் வாசிச்சா ரொம்ப நல்லா இருக்கும்."

"நானா?" என்றார் கிளார்க். அந்த ஆச்சரியத்தைக்கூட அவரால் ஆச்சரியமாகச் சொல்ல முடியவில்லை.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னதுக்கு அப்புறம் நான் சும்மா இருக்க முடியாதும்மா. அரையாண்டுத் தேர்வு நாலு பாடத்தையும் நீ திரும்ப எழுதணும். அந்த மார்க்குதான் பதிவேட்டுல ஏறும். எந்தப் பாடத்துலயாவது முப்பத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா பத்தாவதுக்கு உன் பேரை என்னால அனுப்ப முடியாது. யோசிச்சுச் சொல்லு."

சிட்டு அப்பாவைப் பார்க்கவில்லை. "எழுதறேன் மேடம். மார்க் குறையும். குறைஞ்சா அப்பா திட்டக்கூடாது. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

கிளார்க் அதையும் எழுதிக்கொண்டார்.

தூறலில் ஒரே குடைக்குள் வீட்டுக்கு நடந்தார்கள். வழி நெடுக வாத்தியார் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "சாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று மகளிடம் விசாரித்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும்தான் அணை உடைந்தது. "கேட்டியா உன் பொண்ணு பண்ணின காரியத்தை? நான் தொண்டை கிழிய வாசிச்சது திருட்டுத்தனமாம்! என் குரல் விடை சொல்லுதாம்! சபையில வச்சு என் மானத்தை வாங்கிட்டா!"

மனைவி வளைந்த ஊசியால் ஒரு இருக்கையின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை முழுவதும் கேட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "நிஜமா இருக்கும்" என்றார்.

"என்னது?"

"போன வருஷம் என் பிறந்தநாளுக்கு ஏதோ வாங்கி ஒளிச்சு வச்சிட்டு, அந்த அலமாரிப் பக்கம் நான் போறப்பல்லாம் இருமினீங்களே. இருமல் மருந்து வாங்கிட்டு வரலாம்னு பார்த்தேன். உங்களுக்கு மறைக்க வராதுங்க. அது உங்க சுபாவம்."

"அப்படியா? இப்பவே பார்த்துடலாம். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?" அவர் அலமாரியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை உருவினார். "இதுல ஒரு எழுத்துகூட இவளுக்குத் தெரியாது. சிட்டு, இங்க வா. அந்தப் பஞ்சு மூட்டையைப் பார்த்து உக்காரு."

சிட்டு பஞ்சுப் பாளத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். வாத்தியார் முதல் கேள்வியை வாசித்தார். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"மூணாவது" என்றாள்.

சரி. அடுத்தது. "முதலாவது." அதுவும் சரி. ஏழு கேள்வி கேட்டார், ஏழும் சரி. மனைவி ஊசியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எட்டாவது கேள்விக்கு வாத்தியார் தந்திரம் செய்தார். வேண்டுமென்றே ஒரு தப்பு விடையை அழுத்தி வாசித்தார்.

சிட்டு பஞ்சைப் பார்த்தபடியே சொன்னாள்: "ரெண்டாவதை வேணும்னு அழுத்தறீங்க. நாலாவது."

நாலாவதுதான்.

வாத்தியார் புத்தகத்தை மூடினார். அருகிலிருந்த பேருந்து இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். கோபம் போய்விட்டது, அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. "அப்ப நீ எதுவுமே படிக்கலையா?" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

சிட்டு எழுந்து வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். "படிச்சேன்ப்பா. நீங்க சொல்லச் சொல்லக் கேட்டுத்தானே படிச்சேன். எது படிச்சு வந்துச்சு, எது உங்க குரல்லேர்ந்து வந்துச்சுன்னு பிரிக்கத்தான் தெரியல."

"சபையில சொல்லாம என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேனே. நாலாவதை மாத்தணும்னு."

வாத்தியார் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"பிள்ளைங்களைப் பேச வைக்கத்தானே உங்களைச் சனிக்கிழமை சனிக்கிழமை அனுப்பறாங்க?" என்றார் மனைவி. "பிள்ளை பேசிடுச்சு. நீங்க நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க போங்க. இந்த முனையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க, உறை மாட்டணும்."

அவர் இழுத்துப் பிடித்தார். உறை இறுக்கமாக ஏறி உட்கார்ந்தது.

மறுவாரம் நான்கு நாட்கள் மறுதேர்வு நடந்தது. வாத்தியார் அந்தச் சின்ன அறைப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். அறைக்குப் பக்கத்தில் இருப்பது ஆய்வுக்கூடம், அங்கே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த சோதனைக் குழாய்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கிளார்க்கின் குரல் கேட்டது. அந்தக் குரலில் சூரியனும் சுண்ணாம்பும் ஒரே எடை. இதயத்தின் அறைகளை, என்னவோ வாடகைக்கு விடுகிற அறைகளைப் போல அவர் எண்ணிக்கொண்டு போனார். இவ்வளவு அழகான பாடத்தை இப்படியா வாசிப்பது என்று வாத்தியார் சோதனைக் குழாயை இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

"சார், அந்தக் கேள்வி இன்னொரு தடவை" என்றாள் சிட்டு. கிளார்க் வாசித்தார். "மூணாவது விடையை மட்டும் மெதுவா." மெதுவாக வாசித்தார். பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. வாத்தியாருக்குத் தொண்டை அரித்தது. தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இருமித் தீர்த்தார்.

வெள்ளிக்கிழமை மாலை கிளார்க் மதிப்பெண் தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. "மொழி, முன்பு எழுபது, இப்போது அறுபத்தாறு. சமூகம், முன்பு எண்பத்துநான்கு, இப்போது அறுபத்தொன்று. அறிவியல், முன்பு தொண்ணூற்றொன்று, இப்போது ஐம்பத்தெட்டு."

வாத்தியார் மேசையைப் பிடித்துக்கொண்டார். தன் பாடத்தில் முப்பத்துமூன்று மதிப்பெண் தன் தொண்டையிலிருந்து போயிருக்கிறது. ஆனால் முப்பத்தைந்துக்கு மேல்! மூன்றும் முப்பத்தைந்துக்கு மேல்! மீதி ஒன்றுதான்.

"கணக்கு?"

"கணக்கு, முன்பு நாற்பத்தேழு, இப்போது அறுபத்துமூன்று."

"என்னது? கூடியிருக்கா?"

"கூடியிருக்கு."

அது எப்படி என்று அன்று மாலை வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. சிட்டு மெதுவாகத்தான் போட்டு உடைத்தாள். "அப்பா, உங்களுக்குக் கணக்கு அவ்வளவா வராதுல்ல? நீங்க எதைச் சரின்னு நினைச்சு அழுத்தினீங்களோ அதை நம்பி நான் குறிச்சேன். எனக்குச் சரியான விடை தெரிஞ்சப்பகூட, அப்பா சொன்னாச் சரியா இருக்கும்னு மாத்திடுவேன்."

மனைவி சிரித்த சிரிப்பில் மேலடுக்குப் பஞ்சுப் பாளம் ஒன்று சரிந்து வாத்தியார் தலையில் விழுந்தது. பஞ்சுதானே, அடி படவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

"அறிவியல்ல நூத்துக்கு நாப்பத்திரண்டு மார்க் போச்சேடி" என்றார் பிறகு, சிரிப்பு அடங்கி.

"போன கேள்வியையெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன்ப்பா. பதினெட்டு இருக்கு. எது தெரியலைன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். உக்காருங்க, பாடம் நடத்துங்க. அதுக்கு ஏற்ற இறக்கம் எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கலாம்."

மழை விட்டிருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் ஐந்து கேள்வி முடித்தார்கள். தெருவில் போனவர்களுக்கும் இரத்த ஓட்டம் புரிந்திருக்கும்.

ஐந்தாவது சனிக்கிழமைக்குச் சிட்டுவையும் வரச் சொல்லிப் பயிற்சி அம்மா தொலைபேசியில் கேட்டார். வாத்தியார் வாய் வரைக்கும் வந்த 'கண்டிப்பா வருவா'வை விழுங்கிவிட்டு, போனை மகள் கையில் கொடுத்தார். "அங்க வந்து நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள் சிட்டு. சொன்னதைக் கேட்டுவிட்டு, "பிஸ்கட் உண்டா?" என்றாள். உண்டு என்றதும் ஒப்புக்கொண்டாள்.

கூடத்தில் நாற்பது ஆசிரியர்கள். சிட்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஆளுக்கொரு கேள்வியை வாசிக்க வேண்டும், அவள் விடை சொல்லுவாள், அவ்வளவுதான் விளையாட்டு. முதலில் ஒரு வரலாற்று ஆசிரியை வாசித்தார்.

"ரெண்டாவது. சரியான விடை வர்றப்ப உங்களுக்குக் கோவம் வருது மேடம். இதுகூடத் தெரியலையாங்கற மாதிரி."

கூடம் அதிர்ந்தது. அடுத்தவர் எச்சரிக்கையாக, ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வாசித்தார். "நாலாவது சார். மத்த மூணையும் சீக்கிரம் முடிக்கணும்னு ஓடினீங்க." மூன்றாமவர் வாசித்து முடித்து ஒரு பெருமூச்சு விட்டார். சிட்டு அந்தப் பெருமூச்சிலேயே கண்டுபிடித்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் சலித்துக்கொண்டார். "அப்போ நாங்கெல்லாம் மரக்கட்டை மாதிரிப் பேசணுமாம்மா?"

சிட்டு திரும்பினாள். "பாடம் நடத்தறப்ப வேண்டாம் சார். அப்பா நடத்தறதைக் கேட்டுத்தான் எனக்கு அறிவியலே பிடிச்சுது. பரீட்சையில மட்டும் வேண்டாம். அங்க எனக்குத் தெரிஞ்சதை நான்தான் சொல்லணும். நீங்க பாவம் பார்த்தாலும் அது எனக்கு இடைஞ்சல்தான்."

பயிற்சி அம்மா எழுந்தார். ஃபிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றி, அவளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"நான் ஒண்ணு வாசிக்கறேன்" என்று வாத்தியார் எழுந்தார்.

பத்து நாட்களாக அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்துக்குப் போய்க் கிளார்க்கிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. பழைய சுற்றறிக்கைகளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுவார் கிளார்க். "சார், 'உடனடியாக'ங்கற இடத்துல உயிர் வருது. எடுத்துடுங்க" என்பார். வீட்டில் மனைவி கத்தரியைத் தேடினால், அது எங்கே இருக்கிறது என்பதைக்கூட அவர் ஒரே குரலில் சொல்லிப் பழகினார்.

அவர் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்தார். சிட்டு இன்னும் படிக்காத பக்கம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மகளின் முதுகைப் பார்க்காமல், எழுத்தை மட்டும் பார்த்து வாசித்தார்.

"கீழ்க்கண்டவற்றுள் மூன்று இதயங்கள் உள்ள உயிரினம் எது. ஒன்று, தவளை. இரண்டு, முதலை. மூன்று, ஆக்டோபஸ். நான்கு, ஆமை."

மூன்று இதயம் என்ற அதிசயத்தை அவர் இப்படி, மளிகைச் சாமான் சொல்லுவதுபோலச் சொல்லி முடித்தார். உள்ளே அவருடைய ஒற்றை இதயம் படாதபாடு பட்டது.

சிட்டு தலையைச் சாய்த்தாள். "இன்னொரு தடவை."

வாசித்தார். அவள் விரலை மடக்கினாள், நீட்டினாள். மூச்சு வருகிறதா, கனைப்பு வருகிறதா என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"தெரியலப்பா" என்றாள்.

இருபத்தாறு வருடமாக வகுப்பு வகுப்பாகத் 'தெரியல' கேட்டவர் அவர். அந்தச் சொல்லைக் கேட்டாலே நரம்பு புடைக்கும். இன்று அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"கொஞ்சம்கூடவா தெரியல?"

"கொஞ்சம்கூடத் தெரியல."

"சத்தியமா?" என்றார். இந்த முறை பழைய குரல் முழுசாகத் திரும்பி வந்து, கூரைத் தகரம் ஒருமுறை அதிர்ந்தது.

சிட்டு நாற்காலியில் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பா, உக்காருங்க" என்றாள். "அடுத்தவங்க வாசிக்கணும்."

வாத்தியார் உட்கார்ந்தார்.